அந்த 62,000 ரூபாயைக் கட்டாதீர்கள், தம்பி

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 23 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அரூர் பக்கம், மலையடிவாரம். நாங்கள் மலையாளி பழங்குடியினர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமாவின் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தபோது, சூளைக்கு ஆள் சேர்த்துவிடும் ஒரு மேஸ்திரியிடம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அக்காவும் மாமாவும் சென்னைக்கு வடக்கே ஒரு செங்கல் சூளைக்குப் போனார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் கூடவே போய்விட்டார்கள். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 5.

ஆயிரம் கல்லுக்கு 800 ரூபாய் என்றுதான் பேச்சு. வாரத்துக்கு ஆறாயிரம் கல்லாவது அறுக்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை செலவுக் காசு என்று கையில் தருவது 800 ரூபாய். மீதியெல்லாம் அட்வான்ஸில் கழியும் என்கிறார்கள். இப்போது பாக்கி 62,000 என்று ஓனர் சொல்கிறார். மழைக்காலத்தில் சூளை ஓடாதபோதுகூட ஊருக்கு விடவில்லை. போன ஆவணியில் எங்கள் அம்மா இறந்தபோது அக்காவை மட்டும் இரண்டு நாள் அனுப்பினார்கள். சின்னவனை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். மாமாவின் போனும் ஓனரிடம்தான் இருக்கிறது. பெரியவள் பள்ளிக்கூடம் போகாமல் கல் திருப்புகிறாள்.

என்னிடம் 30,000 ரூபாய் இருக்கிறது. மீதிக்கு லோன் போட்டு 62,000-ஐக் கட்டி அவர்களைக் கூட்டிவந்துவிடலாமா? மாமா 20 ரூபாய் பத்திரத்தில் எழுதாமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதை வைத்துக் கேஸ் போடுவார்களா? மேஸ்திரி எங்களுக்குச் சித்தப்பா முறை. "போலீசுக்குப் போனால் காசு வாங்கி ஏமாற்றியதாக உன் மாமாவைத்தான் உள்ளே வைப்பார்கள்" என்கிறார். அவர் இந்த வருடமும் ஊரில் ஜோடி பிடிக்க, அதாவது சூளை வேலைக்குக் கணவன் மனைவியாக ஆள் சேர்க்க, வந்திருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் மேடம்.

பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில். கட்டாதீர்கள். லோன் போடாதீர்கள். சேர்த்து வைத்த 30,000 ரூபாயையும் வெளியே எடுக்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வக்கீலாகப் பதிவு செய்த மூன்றாவது வருடம், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகனும் மருமகளும் சூளையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாக்கி 18,000 ரூபாய் என்றார். நான் சட்டப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "கோர்ட்டு கேஸு என்று அலைந்தால் வருடக்கணக்காகும், காசைக் கட்டிக் கூட்டிவந்துவிடுங்கள் ஐயா" என்றேன். அவர் வீட்டில் இருந்த இரண்டு கறவை மாட்டையும் காரிமங்கலம் சந்தையில் விற்றுக் காசைக் கட்டினார். பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பத்து மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை சூளையில் இருந்தது இளைய மகன். மழைக்காலத்தில் வீட்டில் காசில்லை, அதே மேஸ்திரி அட்வான்ஸோடு வந்து நின்றிருக்கிறார். "மாடு ரெண்டும் இருந்திருந்தா சின்னவன் போயிருக்க மாட்டான்மா" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை. நான் சொன்ன யோசனையால் ஒரு மகன் வெளியே வந்தான், இன்னொரு மகன் உள்ளே போனான்.

அன்று நான் திறக்காத சட்டம் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976. முதலில் அவசரச் சட்டமாக வந்து 1975 அக்டோபர் 25 முதலே அமலுக்கு வந்துவிட்டது. அட்வான்ஸுக்காக ஆளைக் கட்டிப்போட்டு வேலை வாங்கும் முறையே அன்றோடு ஒழிந்தது என்கிறது அது. அப்படிக் கட்டுண்ட எல்லாரும் விடுதலையானவர்கள். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை, 6வது பிரிவு அதை அடியோடு அழித்துவிட்டது. வட்டியைக் குறைத்திருக்கிறார்கள், தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கடனே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 9வது பிரிவின்படி, இப்படி அழிந்துபோன கடனுக்காக ஒரு முதலாளி பணம் வாங்கினால் அது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். வாங்கிய பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லித் தொழிலாளிக்கே திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிடலாம். நீங்கள் 62,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போய் நின்றால், அந்த மனிதர் செய்யப்போகிற இன்னொரு குற்றத்துக்கு நீங்களே பணம் கொண்டுபோகிறீர்கள். இதற்கு முன்னால் வீட்டில் யாராவது கொஞ்சம் கட்டியிருந்தால் தேதியையும் தொகையையும் எழுதி வையுங்கள். அதையும் கேட்டு வாங்க வழி உண்டு.

சரி, அந்த 62,000 எப்படி வந்தது என்று பார்ப்போம். நீங்கள் எழுதிய எண்களையே எடுத்துக்கொள்கிறேன். வாரம் ஆறாயிரம் கல், ஆயிரத்துக்கு 800 என்றால் வாரக் கூலி 4,800. ஒரு சீசனை 24 வாரம் என்று வைத்தால் 1,15,200 ரூபாய். வாரம் 800 வீதம் கையில் கொடுத்தது 19,200. போக மீதி 96,000. அதில் அட்வான்ஸ் 40,000-ஐயும் கழித்துவிடுங்கள். முதல் சீசன் முடிந்த அன்று ஓனர்தான் உங்கள் அக்காவுக்கும் மாமாவுக்கும் 56,000 ரூபாய் பாக்கி. அவருடைய நோட்டில் அது தலைகீழாக நிற்கிறது.

அப்படிப்பட்ட நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீள அட்டை போட்ட நோட்டு, ஒரு ஜோடிக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வரவுப் பக்கத்தில் பாதிக்கு மேல் காலி. பற்றுப் பக்கம் ஓரம் வரை நிரம்பி வழிகிறது. "மழை நனைஞ்ச கல் 4,000 கழிவு" என்று ஒரு வரி. பச்சைக் கல் மழையில் கரைந்தால் அந்த நஷ்டம் அறுத்தவன் தலையில். "ஊசி 250", "பண்டிகை 2,000", "லாரி வாடகை" என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரு கூட்டல். அந்தக் கூட்டலே தப்பு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவிடம் அதன் கீழே கைநாட்டு வாங்கியிருந்தார்கள்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மனுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பேசின கூலியை விட்டுவிட்டு வேறு அளவுகோலில் பார்த்தாலும் அதே கதைதான். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நாளுக்கு 336 ரூபாய் நிர்ணயித்திருந்தார்கள். இரண்டு பேர், ஆறு நாள் என்றால் 4,032 ரூபாய். உங்கள் அக்கா வீட்டுக்குக் கிடைப்பது 800. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23வது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

சங்கிலி போட்டுக் கட்டியிருந்தால்தான் கொத்தடிமை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சில அதிகாரிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது வேறு. அட்வான்ஸ் வாங்கினார்களா? அதற்காக இந்த நான்கில் ஒன்றையாவது இழந்தார்களா: வேறு இடத்துக்கு வேலைக்குப் போகும் உரிமை, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை, தங்கள் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை, முறையான கூலி? ஒன்று போனாலே போதும். உங்கள் வீட்டில் நான்கும் போயிருக்கிறது. பெற்ற தாயின் சாவுக்கு வந்த பெண், ஐந்து வயதுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வந்தாள் என்றால், அந்தப் பிள்ளையை என்னவாக வைத்திருந்தார்கள்? அடகாக. மனுவில் அந்த வார்த்தையையே எழுதுங்கள்.

பத்திரத்துக்கு வருகிறேன். எழுதாத பத்திரமோ எழுதிய பத்திரமோ, இந்த மாதிரி வேலைக்காகப் போட்ட எந்த ஒப்பந்தமும் செல்லாது. அதை வைத்துக் கேஸ் போட்டுக் கடனை வசூலிக்க முடியாது. "இது கொத்தடிமைக் கடன்" என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர் பொறுப்பு. 15வது பிரிவு அது. பொதுவாகக் குற்றம் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் அந்தச் சுமையை ஏழையின் தோளிலிருந்து இறக்கி மறுபக்கம் வைத்திருக்கிறார்கள். சட்டத்தை எழுதியவர்களுக்குச் சூளை நோட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

மாமாவை உள்ளே வைப்பார்கள் என்று சித்தப்பா சொல்வது வெறும் பயமுறுத்தல். உண்மையில் பயப்பட வேண்டியவர் அவர்தான். பொய் சொல்லியோ ஆசை காட்டியோ, ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்தியோ, சுரண்டி வேலை வாங்குவதற்காக ஆள் சேர்த்துக் கொண்டுபோவதை ஆள் கடத்தல் என்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143வது பிரிவு. "அவங்களே சம்மதிச்சுத்தான் வண்டி ஏறினாங்க" என்பது அங்கே எடுபடாது. சம்மதம் பொருட்டல்ல என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஒருவருக்கு மேல் கொண்டுபோனாலோ, அதில் குழந்தை இருந்தாலோ குறைந்தது பத்தாண்டு சிறை. நீங்கள் பழங்குடியினர் என்பதால், ஓனர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருந்தால் அவர் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வருகிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமையாக வேலை வாங்குவது அதில் தனிக் குற்றம். டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், எஃப்ஐஆர் போட்டதிலிருந்தே கட்டம் கட்டமாக நிவாரணம் உண்டு. அக்கா வீட்டுச் சாதிச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உங்களுடையதன் நகலாவது கையில் இருக்கட்டும்.

ஆனால் ஒன்று, சித்தப்பாவிடம் போய் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். கோபம் வரும், தெரியும். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து காசு எண்ணுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போதும் வாயைத் திறக்காதீர்கள். அவர் ஒரு போன் போட்டால் போதும், அதிகாரிகள் போவதற்கு முன்னால் அந்த ராத்திரியே லாரியில் ஏற்றி வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள். நான் சொல்லும் எல்லா வேலையிலும் முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த ரகசியம்தான்.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். முதல் வேலை, சூளை எங்கே என்று துல்லியமாகத் தெரிந்துகொள்வது. அக்கா ஆவணியில் வந்தபோது எந்த ஊரில் பஸ் ஏறினார், சூளையிலிருந்து அங்கே எவ்வளவு நேரம் நடந்தார் என்று யாரிடமாவது சொல்லியிருப்பார், விசாரியுங்கள். அப்புறம், கல்லில் பதிக்கிற எழுத்து. ஒவ்வொரு சூளைக்கும் அச்சில் இரண்டு மூன்று எழுத்து இருக்கும், கல் அறுக்கிற கைக்கு அது மனப்பாடம். சூளைப் பெயர் தெரியாமல் தவித்த ஒரு வழக்கில், ஏழு வயதுப் பையன் மண்ணில் விரலால் எழுதிக் காட்டிய மூன்று எழுத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தோம்.

இரண்டாவது வேலை மனு. கொத்தடிமைகளை மீட்கும் பொறுப்பும் அதிகாரமும் மாவட்ட ஆட்சியருக்கும் அவருக்குக் கீழே கோட்டாட்சியருக்கும் இருக்கிறது. மனு சூளை இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியருக்குப் போக வேண்டும். ஒரு நகல் தர்மபுரி ஆட்சியருக்கு, இன்னொன்று அரூர் கோட்டாட்சியருக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று நூறு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டாம். தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போங்கள், வக்கீல் இலவசம். ஓசூரிலிருந்து லீவு கிடைக்காவிட்டால் 15100க்குப் போன் செய்யுங்கள். ஆணைக்குழு மூலமாக மனு போனால் ஆட்சியர் அலுவலகத்தில் நேராக உரியவர் கைக்குப் போகும், ஊருக்குள் பேச்சு பரவாது. அக்கா மகளுக்கு 11 வயது. 14 வயதுக்குள் இருக்கும் குழந்தையைச் சூளை வேலையில் வைப்பதே குற்றம். குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் சொல்லலாம். ஆனால் மீட்புக்குப் போவது ஒரே நாளில், ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகளை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, பெற்றோரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்டேஷனில் "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்லக்கூடும். பிடியாணை இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது. குற்றம் நடந்த இடம் வேறு மாவட்டம் என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த ஸ்டேஷனில் சொன்னாலும் எழுதிக்கொண்டு, உரிய ஸ்டேஷனுக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இருந்து குடகுக்கு மிளகு, காபி பறிக்கவும் கர்நாடகத்துக்குக் கரும்பு வெட்டவும் போகிறவர்கள் நிறைய. அவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே நம் ஆட்சியருக்குச் சமமானவர் டெபுடி கமிஷனர், கோட்டாட்சியருக்குச் சமமானவர் அசிஸ்டன்ட் கமிஷனர். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். மனுவைத் தமிழில் எழுதி, நம் ஆட்சியர் வழியாக அங்கே அனுப்பச் சொல்லலாம்.

விசாரணையில்தான் பல வழக்குகள் உடைகின்றன, தம்பி. ஒருமுறை சூளை வாசலில் வேப்பமரத்தடியில் விசாரணை நடந்தது. அதிகாரிக்கு நாற்காலி போட்டதே ஓனர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். அதிகாரி தொழிலாளர்களைப் பார்த்து, "இங்கே நல்லா இருக்கீங்களா, ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார். எல்லாரும் அவர் தலைக்கு மேலே ஓனர் முகத்தைப் பார்த்தார்கள். "நல்லா இருக்கோம் சார்." எழுதி முடித்து ஜீப் கிளம்பிவிட்டது. உங்கள் அக்காவுக்கும் அது நடக்கலாம். அதனால் மனுவிலேயே இரண்டு கோரிக்கை எழுதுங்கள்: தொழிலாளர்களைச் சூளையிலிருந்து வெளியே கொண்டுவந்து, கோட்டாட்சியர் அலுவலகத்தில் வைத்து விசாரிக்க வேண்டும், முதலாளி தரப்பு யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. "நல்லா இருக்கியா" என்று கேட்டால் உண்மை வராது. அட்வான்ஸ் எவ்வளவு, யார் கொடுத்தது, கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள், யாரைக் கேட்டுப் போனீர்கள், பிள்ளை எங்கே இருந்தது என்று கேட்டால் வரும்.

விசாரணை முடிந்ததும் கையில் வாங்க வேண்டியது விடுதலைச் சான்றிதழ். அது இல்லாமல் வண்டி ஏறாதீர்கள். "ஊருக்குப் போங்க, தபாலில் வரும்" என்றால் அங்கேயே உட்காருங்கள். பின்னால் வரும் அத்தனைக்கும் திறவுகோல் அந்த ஒரு தாள்தான். இதில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறைச் சொல்கிறேன். குடும்பத்துக்கு ஒன்று என்று மாமா பெயரில் மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அக்கா யார்? வாரம் ஆறாயிரம் கல்லில் பாதி அவர் கையில் அறுத்தது. மண் குழைத்தது, தண்ணீர் சுமந்தது கணக்கிலேயே இல்லை. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். அக்கா பெயர் விடுபட்டால் அவருக்குரியதும் போச்சு. அக்காவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, வேலை செய்த பெரியவளுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பணம் பற்றி இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பின்னால் ஏமாற்றம் வரக் கூடாது. இந்தத் தொகை முழுக்க உடனே கையில் வராது. மீட்டவுடன் தலைக்கு 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு. அதற்கு வழக்கின் தீர்ப்பு வர வேண்டியதில்லை. இதற்கென்றே ஆட்சியரிடம் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதி இருக்க வேண்டும் என்பது திட்டம். மீதித் தொகை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு சேர்ந்தது. ஆகவே "ஆளைத்தான் மீட்டாச்சே, கேஸ் எதுக்கு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எஃப்ஐஆர் நம்பரை வாங்கி, அதை விடாமல் துரத்த வேண்டும். வழக்கு நடக்கும்போது அக்காவும் மாமாவும் சாட்சி சொல்லப் போக வேண்டிவரும். ஊருக்கே வந்து பேரம் பேசுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

வங்கிக் கணக்கிலும் ஒரு சிக்கல் வரும். வருடக்கணக்கில் மண்ணும் மணலும் அள்ளிக் கல் அறுத்தவர்களின் விரல் நுனி தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடுகிறது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் இயந்திரம் ரேகையை எடுக்காது. ஒரு அம்மா எண்ணெய் தடவி, துடைத்து, எலுமிச்சம்பழம் தேய்த்து, எட்டு முறை அந்தக் கண்ணாடியில் விரலை அழுத்தினார். ஒன்பதாவது முறை அழுதுவிட்டார். கருவிழிப் பதிவை வைத்து ஆதார் சரிபார்க்கலாம். அதைக் கேட்டு வாங்க அன்றைக்கு எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

பெரியவளின் படிப்பு விஷயத்தில் கவலை வேண்டாம். டிசி இல்லை, இரண்டு வருடம் போகவில்லை என்று எந்த அரசுப் பள்ளியும் மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில், வருடத்தின் எந்த மாதத்திலும் சேர்க்க வேண்டும். அக்கா மாமாவுக்கு நிலையான வேலை அமையும்வரை அவளை விடுதியோடு கூடிய பள்ளியில் சேர்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும், பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூர்பா பள்ளிகளும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அவளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு வருடம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்த பிள்ளை, உடனே பிரிந்து இருக்க மாட்டாள்.

கடைசியாக, சித்தப்பா ஜோடி பிடிக்க வந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த ஒரு வரி. அவர் எப்போது வருகிறார் என்று கவனித்தீர்களா? மழை முடிந்து, கையில் காசு தீர்ந்து, பண்டிகை நெருங்குகிற நேரம். யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் கருமாதிக் கடன் என்று அவருக்குத் தெரியும். உங்கள் மாமா பேராசைப்பட்டா 40,000 வாங்கினார்? அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு வாங்கினார். அந்த நேரத்தில் அட்வான்ஸ் கொடுப்பவரைத் தவிர வேறு யாருடைய கையும் நீளவில்லை. ஊரில் மகளிர் குழு இருக்கிறதா? இருந்தால் அவர்களிடம் ஒரு யோசனை சொல்லுங்கள். மாதச் சேமிப்பில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் மட்டும் என்று ஒதுக்கி வைக்கட்டும். ஐயாயிரம், பத்தாயிரம் போதும். முதல் ராத்திரியைக் கடந்துவிட்டால் அடுத்த நாள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தேடலாம், அரசு மருத்துவமனைக்கு மாற்றலாம், யோசிக்க நேரம் கிடைக்கும்.

நம் பக்கத்திலேயே சிட்டிலிங்கியைப் பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கு உழவர்கள் சங்கம் வைத்து, தாங்கள் விளைவிக்கும் சிறுதானியத்தைத் தாங்களே பக்குவம் செய்து விற்கிறார்கள். லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமார் போட்ட பூவேலையை மீட்டெடுத்து அதில் சம்பாதிக்கிறார்கள். ஒரே நாளில் வந்த மாற்றம் இல்லை, பல வருட உழைப்பு. ஆனால் மலையை விட்டு இறங்காமலும் பிழைக்கலாம் என்பதற்கு ஒரு பஸ் தூரத்தில் சாட்சி இருக்கிறது.

வேலைக்கு வெளியே போகாதே என்று யாரையும் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது. போகிறவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். யாரோடு போகிறார்கள், மேஸ்திரி போன் நம்பர் என்ன, எந்த ஊர், எவ்வளவு அட்வான்ஸ், ஆயிரத்துக்கு என்ன கூலி என்று ஊரில் ஒரு நோட்டு போடுங்கள். குழுத் தலைவியிடம் இருக்கட்டும். ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். நோட்டில் பெயர் எழுத மறுக்கும் மேஸ்திரி யார் என்று ஊர் பார்த்துக்கொள்ளட்டும். அக்கா வெளியே வந்த பிறகு இதைத் தொடங்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

அதிகாரிகள் எங்கள் பேச்சை எங்கே கேட்கப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் தாலுகா வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992இல் அந்த மலைவாழ் மக்களுக்கு அரசு ஊழியர்கள் கையாலேயே நடந்த கொடுமைக்கு 2011இல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பது வருடம் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. உங்கள் அக்கா விஷயத்தில் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. சரியான கைக்கு மனு போனால் சில நாட்களிலேயே மீட்பு நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

மீட்புக்கு வண்டி போகும் நாளில் நீங்களும் கூடவே போகக் கேளுங்கள். அக்கா தெரியாத முகங்களை நம்ப மாட்டார், உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் வாய் திறப்பார். சூளைக்குள் நீங்கள் இறங்க வேண்டாம், கோட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருந்தால் போதும். ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வாக்குமூலம் எழுதி முடிக்க இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். பக்கத்தில் கடை திறந்திருக்காது. பிள்ளைகளுக்குப் பன்னும் தண்ணீரும், மாற்றுத்துணி ஒரு செட்டும் வாங்கிக்கொண்டு போங்கள். சின்னவனுக்கு அவன் வயதைவிட இரண்டு வயது கூடுதலான அளவில் எடுங்கள், நீங்கள் கடைசியாகப் பார்த்ததைவிட வளர்ந்திருப்பான்.